விட்டுவைத்த வெள்ளை

நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் வேண்டாம், தாளே வெள்ளைதான் என்று என் ஓவிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மேகம் வேண்டுமென்றால் அதற்கான இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் நீலம் தீட்டுங்கள், ஒருமுறை நிறம் ஏறிவிட்டால் அந்த வெள்ளை திரும்பி வராது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வேன்.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில்தான் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை படிக்கும் ஒன்பது பிள்ளைகள். என் மகளும் அதில் ஒருத்தி. நான் முறையாக ஓவியம் படித்தவளில்லை. நாகர்கோவிலில் பள்ளியில் கற்றதும் பிறகு யூடியூபில் பார்த்ததும்தான் என் கைமுதல். அந்தப் பயத்தில் மறுநாள் பாடத்தை வெள்ளிக்கிழமையே நோட்டில் எழுதிவைத்து, எழுதியது சரிதானா என்று மூன்று முறை பார்ப்பேன்.

ஓணத்துக்கு முன்னால் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலை தொடங்கியது. பெயிண்டர்களில் ஒருவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலைக்குப் போவதால், சனிக்கிழமைகளில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளை நான்தான் உள்ளே கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது அதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

ஓணக் கொண்டாட்டத்தன்று கூடத்தில் பிள்ளைகளின் படங்களை மாட்டுவதாக ஏற்பாடு. தலைப்பு, நம்ம கட்டடம். முந்தின நாள் சாயங்காலம் நானும் மகளும் படங்களை வரிசையாக ஒட்டினோம். அந்தப் பெண்ணின் படம் கைக்கு வந்தபோது ஒட்டாமல் நிறுத்தினேன். வானத்துக்கு நீலம் அழகாகத் தீட்டியிருந்தாள். கட்டடத்தின் கீழ்ப்பாதிக்குப் பாசி கலந்த சாம்பல் நிறம். மேல்பாதி மட்டும் வெறும் தாளாக இருந்தது. முடிக்காமல் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நாளைக்கு எல்லா அம்மாக்களும் பார்ப்பார்கள். வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் டீச்சர் கவனிக்கவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால்?

அதே சாம்பல் நிறத்தைக் கலந்து மேல்பாதியை நிரப்பினேன். ஐந்து நிமிட வேலைதான். இரண்டு நிறமும் ஒட்டே தெரியாமல் பொருந்தியதில் எனக்குத் திருப்திகூட இருந்தது.

"அம்மா, அது அவள்டெ படம் அல்லே?" என்றாள் மகள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்றாலும் அவளுக்குப் பாதி மலையாளத்தில்தான் வரும்.

"முடிக்காம வச்சிருக்கா. அம்மா சும்மா ஹெல்ப் பண்றேன்."

மறுநாள் அந்தப் பெண் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வேறு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. நேராகத் தன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், மேல வெள்ளையா விட்டிருந்தேனே. அது அப்பா அடிச்சது. கீழதான் இன்னும் பாசி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளையடிப்பவர்கள் மேல்மாடியிலிருந்துதான் தொடங்குவார்கள். அவள் அப்பா அடித்து முடித்த மாடிகளை அவள் தாளிலேயே விட்டுவைத்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் அவள். நானோ அவள் அப்பாவின் அத்தனை நாள் வேலைமேல் பாசியைப் பூசியிருக்கிறேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டு அம்மாக்கள் நின்றிருந்தார்கள். என் வாயில் வேறு வந்தது.

"தண்ணி ஜாஸ்தியா இருந்திருக்கும்மா. காயறதுக்குள்ள கீழ இருந்த கலர் மேல பரவிடுச்சு."

அவள் அப்பா சிரித்தார். "பாத்தியா? கலவைல தண்ணி கூடுனா ஒழுகும்னு அப்பா எத்தன தடவ சொல்லிருக்கேன்! இந்த மேஸ்திரி பேச்சக் கேக்கணும்லா?" என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். பிறகு என்னிடம், "விடுங்க டீச்சர், சின்னப்பிள்ள. நாங்களே தப்பு பண்ணுவோம்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. என்னை நம்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் தூரிகையைத் தண்ணீரில் தொட்டதும் துணியில் ஒற்றி ஒற்றிப் பிழிந்தாள். காய்ந்த தூரிகை தாளில் கரகரவென்று தேய்ந்தது. நிறம் திட்டுத்திட்டாக ஒட்டியது.

"கொஞ்சம் தண்ணி தொட்டுக்கோம்மா."

"வேண்டாம் டீச்சர். பரவிரும்."

அதற்கடுத்த வாரமும் அப்படியே. வானம் தீட்டச் சொன்னால், அப்பா சுவர் விரிசலுக்குப் பூச்சு எடுப்பது போல் நுனியில் துளி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினாள். அவளுடைய பழைய நீலத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பிடுங்கியது யார் என்று அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

அந்த இரண்டாவது ஆளான என் மகள், நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அம்மா, அவகிட்ட பறஞ்சோ?"

"எதை?"

"தண்ணி இல்ல, நீதான்னு."

"சொல்லலாம். நேரம் வரட்டும்."

"நான் கள்ளம் சொன்னா மட்டும் அப்பவே ஸாரி சொல்ல வைப்பே."

பின்னலை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. "வலிக்குது" என்றாள்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதா, எல்லார் முன்னாலுமா என்று ஒரு வாரம் மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். பொய்யை அவள் அப்பா முன்னால் சொன்னேன், அதனால் திருத்துவதும் அவர் முன்னால்தான் என்று கடைசியில் முடிவானது. அந்தச் சனிக்கிழமை அவர் கூடத்து வாசலையொட்டிய சுவரில் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். அவளை அங்கே அழைத்துப்போய்ச் சொன்னேன். தண்ணீர் பரவவில்லை, முடிக்காத படம் என்று நினைத்து நான்தான் பூசினேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்று.

அவர் என்னைப் பார்க்காமல் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். "நானும் பிள்ளையத்தான கொற சொன்னேன்" என்றார். அவ்வளவுதான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ என் தண்ணி சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சும்மா."

உள்ளே வந்து புதுத் தாள் கேட்டாள். பென்சிலால் கட்டடத்தைக் கோடு போட்டாள். தூரிகையைக் கிண்ணத்தில் முழுக முக்கி, சொட்டச் சொட்ட நீலத்தை எடுத்து, கட்டடத்தைச் சுற்றி வானத்தை ஓட விட்டாள். கீழே இரண்டு தென்னை. கட்டடத்தை மட்டும் தொடவே இல்லை. அடியிலிருந்து மொட்டைமாடி வரை வெறும் தாள். ஜன்னல் எங்கே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஈரப் படங்களைப் பிள்ளைகள் ஜன்னல் திட்டில் என் பொறுப்பில் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துப்போவதுதான் வழக்கம். அவள் அடியில் வைத்திருந்த அட்டையோடு சேர்த்துப் படத்தை இரண்டு உள்ளங்கையிலும் தட்டையாக ஏந்திக்கொண்டாள்.

"காயலயே" என்றேன்.

"நானே கொண்டுபோறேன் டீச்சர்" என்றாள். சாயாமல், சிந்தாமல், அடிமேல் அடிவைத்து அப்பா இருந்த பக்கம் போனாள். இங்கே வைத்துவிட்டுப் போ என்று சொல்லாமல், அவளுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றேன்.