டெலிஃபோனுக்குக் கண் இல்லை

போன செவ்வாய்க்கிழமை புனேயில், ஆகுர்டி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ரிப்பன் வெட்டினார்கள். புதுக் கட்டடத்துக்கு அல்ல, ஓர் அறைக்கு. உள்ளே ஒரு டி.வி., அதன் தலையில் ஒரு குட்டி கேமரா, எதிரே ஒரு ஸ்டூல். டெலிமெடிசின் அறையாம்.

டி.வி.யில் மும்பை டாக்டர் ஒருவர் தோன்றினார். ஸ்டூலில் உட்கார வைக்கப்பட்ட நோயாளி, பாவம், டி.வி.க்கு ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு நாக்கை நீட்டினார். டாக்டர் மும்பையிலிருந்தே பார்த்துவிட்டு ‘டீக் ஹை’, எல்லாம் சரி என்றார். எல்லோரும் கை தட்டினோம். சமோசா வந்தது.

மேடையிலிருந்த அதிகாரி அறிவித்தார் — அரசு மருத்துவத் திட்டத்தில் இருக்கும் பென்ஷன்காரர்களுக்கு இனி இந்த அறை இலவசம். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.

என் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. டேனி அங்கிள்.

“சார், யே கர் தக் கப் ஆயேகா?”

இது வீடு வரைக்கும் எப்போது வரும் என்று கேட்கிறார். ஏதோ கேபிள் கனெக்‌ஷன் கேட்ட மாதிரி அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்கிள், பேஷண்ட் கோ யஹான் லானா படேகா” என்றார். நோயாளியை இங்கேதான் கொண்டுவர வேண்டுமாம். அதாவது, தூரத்திலிருந்து வைத்தியம்தான்... ஆனால் அந்தத் தூரத்தில் பாதியை நோயாளி ஆட்டோ பிடித்துக் கடக்க வேண்டும்.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். சாங்வியில் எங்கள் பில்டிங்தான். நான் மூன்றாவது மாடி, அவர்கள் இரண்டாவது. லிஃப்ட் கிடையாது.

டேனியல் என்கிற டேனி அங்கிள் கட்கி கன்டோன்மெண்டில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு வந்த குடும்பம். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஹிந்தி பேசுவார், மராத்தியில் சண்டை போடுவார், இங்கிலீஷில் ஜெபம் பண்ணுவார். தமிழ்? அதைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அண்டை வீட்டு தர்மம். அவர் தமிழில் பெண்களே கிடையாது. எல்லோரும் ‘வந்தான், போனான்’தான்.

அவர் மனைவி பியூலா டீச்சர் பாளையங்கோட்டைக்காரர். கல்யாணமாகிப் புனே வந்து, ஓர் இங்கிலீஷ் ஸ்கூலில் பல வருஷம் பாடம் நடத்தியவர். புருஷனின் தமிழைத் திருத்திப் பார்த்து அலுத்துப்போய், வீட்டு மொழியை இங்கிலீஷாக மாற்றிக்கொண்டுவிட்டார். காலையில் என் சமையலறை வரை கேட்கும் — “டேனி, மில்க்!” “டேனி, யுவர் டேப்லட்!” எங்கள் பில்டிங்கில் பாதிப் பேர் அந்தக் குரலை வைத்துத்தான் மணி பார்த்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தக் குரல் கேட்கவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் முதல் வார்த்தை வந்தது. “தண்ணி.” அங்கிளுக்கு அந்த அளவு தமிழ் தெரியும். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், அழுதார். அப்புறம் ‘போதும்’ வந்தது. ‘வலிக்கி’ வந்தது. வந்தது எல்லாமே தமிழ். பல வருஷம் பாடம் நடத்திய இங்கிலீஷ் வரவில்லை. ஹிந்தி, மராத்தி எதுவும் வரவில்லை. சிலருக்கு இப்படி ஆவது உண்டு என்றார் டாக்டர். மற்றவை திரும்பி வரலாம்... வராமலும் போகலாம்.

யோசித்துப் பாருங்கள். அத்தனை வருஷம் இங்கிலீஷில் குடும்பம் நடத்திய மனைவி, ஒரே நாளில் புருஷனுக்குத் தெரியாத மொழிக்குக் குடிபோய்விட்டார். அங்கிள் எங்கே போய்த் தேடுவார்?

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி வரச்சொன்னது. டீச்சரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து பில்டிங் ஆண்கள் இரண்டு மாடி இறக்குவார்கள். அங்கே ஒரு மராத்திப் பெண், ஆப்பிள் படத்தைக் காட்டி “போலா ஆன்ட்டி, ஆப்பிள்” என்று சொல்லச் சொல்வாள். ஹோம்வொர்க் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல டீச்சர் அவளைப் பார்ப்பார். திரும்பவும் நாற்காலி, இரண்டு மாடி.

அப்போதுதான் எனக்கு வசந்தா ஞாபகம் வந்தாள். என் அத்தை மகள். மதுரையில் பேச்சுப் பயிற்சிக்கென்று சின்ன கிளினிக் வைத்திருக்கிறாள்.

“ஃபோன்லயாக்கா? வாய் அசையுறதப் பாக்காம எப்படிக்கா சொல்லித்தர்றது?” என்றாள். அப்புறம் அவளே, “சரி, ஞாயித்துக்கெழம போடுங்க, பாப்போம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. கட்டணமும் குறைவு. ஸ்பீக்கர் வைத்த ஃபோன் ஒன்றை அங்கிள் வாங்கிப்போட்டார். சர்ச்சுக்குப் போகமுடியாத அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை மாதிரி ஆகிப்போனது அது. மதுரையிலிருந்து வசந்தா கேட்பாள், “டீச்சர், பால் என்ன நெறம்?” டீச்சர் வாயைக் கூட்டிக் கூட்டி “வெள்ள...” என்பார். நடுவில் அங்கிள் புகுந்து “வெள்ளை! வெள்ளை!” என்பார். “சார், பரீட்சை உங்களுக்கில்ல” என்று ஸ்பீக்கர் அதட்டும்.

வார்த்தைகள் வந்தன. பாளையங்கோட்டைத் தெரு வந்தது, தம்பி ஆபிரகாம் வந்தான், ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். பிறகு ஒரு ஞாயிறு வசந்தா கேட்டாள், “டீச்சர், ஒங்க வீட்டுக்காரர் பேரென்ன?”

பதில் இல்லை.

அடுத்த ஞாயிறும் கேட்டாள். இல்லை. அதற்கடுத்தும் இல்லை. சிலருக்குச் சில பெயர்கள் மட்டும் அழிந்துபோகும், வற்புறுத்த வேண்டாம் என்று வசந்தா என்னிடம் தனியாகச் சொன்னாள். அதை அங்கிளிடம் எப்படிச் சொல்வது? அவரே வந்து பால்கனியில் நின்று சொன்னார்.

“அவ எல்லார் பேரும் சொல்றான். தூத்வாலா ஏக்நாத் பேர்கூட சொல்றான். மேரா நஹி. ஒரு வாட்டி டேனி சொன்னா போதும்.”

பால்காரர் பேர்கூட வருகிறது, தன் பேர் மட்டும் வரவில்லை என்கிற அந்தத் தமிழைக் கேட்டு, எப்போதும் சிரிக்கிற நான் அன்றைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

இதற்கிடையில் வசந்தாவின் ஃபீஸ் ரசீதை எடுத்துக்கொண்டு மருத்துவத் திட்ட ஆபீசுக்குப் போனார் அங்கிள். (அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள், இவர் கேட்கவில்லை.) அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான், டீ கூடக் கொடுத்தாராம். ஆனால் பேஷண்ட் இருப்பது புனேயில், வைத்தியம் பண்ணுபவர் இருப்பது மதுரையில். “தோ இலாஜ் ஹுவா கஹான்?” என்றாராம். அப்படியானால் வைத்தியம் நடந்தது எங்கே? எந்த இடத்தை எழுதி நான் பாஸ் பண்ணுவது?

நியாயமான கேள்விதான் என்று அங்கிளே திரும்பி வந்துவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. எழுந்து வர முடிகிறவர்களுக்குத்தான் திட்டமென்றால், எழுந்திருக்கவே முடியாதவர்களுக்கு என்ன திட்டம்?

வழக்கமாக நான் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிறு லைன் கரகரவென்று இரைந்ததால் அங்கிள் ஃபோனைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் நகர்ந்து டீச்சருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அங்கிளுக்காக வசந்தா மறுபடியும் கேட்டாள், “வீட்டுக்காரர் பேரென்ன டீச்சர்?”

டீச்சர் நல்ல இடது கையால் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். தலை குனிந்தது. கண் மட்டும் ஓரமாக அங்கிள் பக்கம் போயிற்று. உதட்டில் ஒரு சிரிப்பு. புதுப்பெண் சிரிப்பு.

மறதியாவது ஒன்றாவது! என் அம்மாவிடம் ரேஷன் கடைக்காரர் அப்பா பேரைக் கேட்டால், என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளுவாள், ‘நீ சொல்லு’ என்று. அப்போது அவள் முகத்தில் இருந்ததும் இதே சிரிப்புதான். டேனி, டேனி என்று இங்கிலீஷில் கூவிய டீச்சர், தமிழுக்குத் திரும்பியதும் பாளையங்கோட்டைப் பெண்ணாகிவிட்டார். புருஷன் பேரை வாயால் சொல்வாரா? பதிலை ஒவ்வொரு வாரமும் முகத்தால் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். டெலிஃபோனுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை வராதா என்று மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த புருஷனுக்கும் தெரியவில்லை.

“வசந்தா, பேர் கேக்காத. எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேளு” என்றேன்.

கேட்டாள். டீச்சர் நிமிர்ந்தார்.

“இங்கேருங்க.”

யாரைக் கூப்பிடுகிறார் என்று அங்கிள் திரும்பி வாசலைப் பார்த்தார்.

“உங்களைத்தான் அங்கிள். ஊர்ல புருஷனை இப்படித்தான் கூப்பிடுவாங்க. தமிழ்ல உங்க பேர் அவங்க வாயில வராது.”

“நெவர்?”

“கஷ்டம்தான், அங்கிள்.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பட்டார். ஆனால் ஃபோனை மடியில் வைத்தபடி, “அப்போ டேனி ஃபினிஷ்?” என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு டீச்சர்தான் சொன்னார், கொஞ்சம் அதட்டலாக. “இங்கேருங்க... காப்பி ஆறுது.” மதுரையிலிருந்து வசந்தா கத்தினாள், “அக்கா, வாக்கியமே பேசுறாங்கக்கா!”

போன செவ்வாய் ஆகுர்டியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, சாங்வி நெருங்குகையில் அங்கிள் சொன்னார், “அந்த டி.வி. நம்ம வீட்ல இருந்தா, மதுரைப் பொண்ணு முதல் சண்டேவே பாத்திருப்பான்.” உண்மைதான். அத்தனை ஞாயிறு அவர் அழுதிருக்க வேண்டாம்.

இப்போதும் தினம் சாயங்காலம் டீச்சருக்கு இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். என்றாவது இங்கிலீஷ் திரும்பி வருமாம். அவர் காத்திருப்பது இங்கிலீஷுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு பேருக்காகத்தான்.

ஆட்டோ நின்ற சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது மாடியிலிருந்து குரல் வந்தது, “இங்கேருங்க...” முழங்கால் வலிக்கார அங்கிள், கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் ஏறினார். “வந்தாச்சு, வந்தாச்சு!”

வைத்தியம் எங்கே நடந்தது என்று கேட்டாரே அந்த அதிகாரி... எங்கள் மாடிப்படியில் ஒரு நிமிஷம் வந்து நின்றிருக்கலாம்.