அக்காவுக்குக் கொடுத்த சாதாப் பத்திரிகை

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் கணவரும் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். பின் சீட்டு முழுக்கப் பத்திரிகைப் பெட்டிகள். என் மடியில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்த தாம்பாளம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. டீச்சர் வேலையில் இத்தனை வருடமாகியும் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியதாக நினைவில்லை. அப்படிப்பட்டவள் கையில் கல்யாண வேலையைக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? மூன்று மாதமாக நானும் ஓயவில்லை, வீட்டில் மற்றவர்களை ஓயவிடவும் இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணத்தை ஏதாவது ஒரு 'தீம்' வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். மேடை, தாம்பூலப் பை, பத்திரிகை எல்லாமே ஒரே கருத்தில் இருக்க வேண்டுமாம். முதலில் மகள் கடற்கரை என்றாள். விருதுநகர் வெயிலில் கடலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். பிறகு அரண்மனை என்றாள். அவள் அப்பா சிரித்த சிரிப்பில் அதையும் விட்டுவிட்டாள். கடைசியில் ஒருநாள் அவளே போன் செய்து, "நம்ம ஊருன்னா பட்டாசுதானம்மா, அதையே வச்சுக்குவோம்" என்றாள். எனக்கும் சட்டென்று பிடித்துவிட்டது. அதுவரை குழம்பிக் கிடந்த மனசுக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து, இல்லை, நின்றுகொண்டே, ஐம்பது அறுபது மாதிரிகள் பார்த்தேன். ஒவ்வொன்றையும் வீடியோ காலில் மகளுக்குக் காட்டினேன். சிவப்பு போதவில்லை என்பாள். ரொம்ப ரத்தச் சிவப்பாக இருக்கிறது என்பாள். ஒருவழியாக முடிவானது இதுதான்: பார்த்தால் அசல் சரவெடிப் பெட்டி. மேலே நடுவில் பச்சை நூலில் ஒரு திரி. அதை இழுத்தால் மடிப்பு மடிப்பாக நீளத் தாள் வெளியே வரும். ஒரு மடிப்பில் பந்தக்கால், ஒன்றில் முகூர்த்தம், ஒன்றில் வரவேற்பு. மூடியில், "வெடிக்கப் போகுது எங்கள் கல்யாணம்!" என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த வாசகம். பட்டாசுப் பெட்டியில் எட்டி நின்று கொளுத்தச் சொல்லிப் போட்டிருப்பார்கள் அல்லவா, அந்த இடத்தில் மகள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "எட்டி நிற்காதீர்கள். கிட்ட வந்து வாழ்த்துங்கள்."

அச்சகக்காரர் ஆர்டர் எழுதும்போது, "பெட்டி எம்புட்டு, சாதா எம்புட்டுங்க மேடம்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நெருங்கிய உறவுக்கும் முக்கியமானவர்களுக்கும் பெட்டிப் பத்திரிகை. கடைத்தெரு, ஆபீஸ், முகம் தெரிந்தவர்கள் என்று மற்ற எல்லோருக்கும் பிள்ளையார் படம் போட்ட சாதாரண மஞ்சள் அட்டை. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் யாருக்கு எது வந்தது என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதை வைத்து ஐந்து வருடம் பேசாமல் இருந்த பங்காளிகளை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு முதலில் போக வேண்டிய வீடு ஓர் அக்காவுடையது. சொந்தம் இல்லை. நாங்கள் சிவகாசியில் குடியிருந்தபோது அடுத்த வீடு. நான் பள்ளிக்கூடம் போனால் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறூட்டி, தலைவாரி, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். மகள் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். மேடையில் தன் பக்கத்தில் பெரியம்மா நிற்க வேண்டும் என்று அவள் பல தடவை சொல்லிவிட்டாள்.

திருத்தங்கல் தாண்டும்போது என் கணவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "அண்ணாச்சி இருந்திருந்தா இந்தப் பெட்டியப் பாத்து ஆயிரம் குத்தம் சொல்லிருப்பாரு."

சொல்லி முடித்ததும் அவரே காரின் வேகத்தைக் குறைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி என்றது அந்த அக்காவின் கணவரை. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். அதற்கும் ஆறு வருடங்களுக்கு முன் அங்கே நடந்த வெடி விபத்தில் இறந்துபோனார்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதம் சிவப்பு நிறத்துக்காகச் சண்டை போட்டோம். திரி பச்சையா மஞ்சளா என்று இரண்டு நாள் பேசினோம். எனக்கோ, என் கணவருக்கோ, அந்த அக்கா மடியில் வளர்ந்த என் மகளுக்கோ இது ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

வண்டியை ஓரம்கட்டச் சொல்லி மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் அழத் தொடங்கிவிட்டாள். "பெரியம்மா வராம நான் எப்படிம்மா மேடைல உக்காருவேன்?" என்றாள். நான் ரோட்டோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். திரும்பிப் போய்விடலாமா? போகாவிட்டால் அது இன்னும் மோசம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் வேறு. வெடிக்கப் போகுது என்று எழுதிய பெட்டியை அந்த வீட்டில் எந்தக் கையால் நீட்டுவது?

கார் டிக்கியில் சாதாப் பத்திரிகைக் கட்டு இருந்தது. அதிலிருந்து ஒன்றை உருவி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்தேன்.

"பெட்டி குடுக்க வேண்டியவங்களுக்கு சாதா குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார் கணவர்.

"நெஞ்சுல குத்துற மாதிரி ஒண்ணக் குடுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று வாயை அடைத்துவிட்டேன். இங்கிதமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது.

அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். தலை நன்றாக நரைத்திருந்தது. "ஏ புள்ள, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். காபி வந்தது, சேவு வந்தது. கல்யாணப் பெண் எப்படி இருக்கிறாள், இன்னும் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கிறாளா என்றெல்லாம் கேட்டார். நானும் கணவரும் சேர்ந்து நின்று தாம்பாளத்தை நீட்டினோம்.

இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தாம்பாளத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவர் கண் ஒரு சுற்று தேடியதை நான் கவனித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"நல்லாருக்கு" என்றார். பிறகு, "எதுத்த வீட்டு டீச்சரம்மாவுக்குப் பெட்டி வந்துச்சு. போன வாரமே கொண்டாந்து காட்டுனாக. எம்புட்டு லட்சணமா இருந்துச்சு" என்றார்.

விருதுநகரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குத் தினமும் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர் அவர். பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் பெட்டியைக் கொடுத்திருந்தேன். அவர் வீடு இதே தெருவில்தான் என்பது தெரிந்த விஷயம். அதையும் மறந்திருக்கிறேன்.

"அது வந்துக்கா..." என்று இழுத்தேன். அந்தச் சாவை அந்த வீட்டுக்குள் நின்று எப்படிப் பேச்சில் எடுப்பது?

"அதனால என்னங்க, பத்திரிகைல என்ன இருக்கு. வரப் பாக்குறேன். வெயிலுக்கு முன்னால கெளம்புங்க" என்றார்.

'ஏ புள்ள' என்றவர் 'கெளம்புங்க' என்றுவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். 'வரப் பாக்குறேன்' என்றால் வர மாட்டேன் என்று அர்த்தம், அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

காரில் ஏறி உட்கார்ந்தோம். கணவர் சாவியைத் திருகினார். என்னால் கதவைச் சாத்த முடியவில்லை. மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? பின் சீட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"மணி பன்னெண்டு அஞ்சு. எமகண்டம்" என்றார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நல்ல நேரம் பார்க்காமல் நான் செய்த முதல் காரியம் அதுதான்.

அக்கா காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். "அண்ணாச்சி அப்படிப் போனதுக்கப்புறம் இதை எப்படிக்கா உங்க கையில குடுப்பேன்? நாங்க மூணு பேருமே மறந்துட்டோம். வழியிலதான் நெனப்பு வந்துச்சு. அதான் அதை எடுத்துட்டு வந்தேன். உங்களைக் கொறச்சு நெனைக்கலக்கா."

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பெட்டியை வாங்கினார். கட்டைவிரலால் மூடியை அழுத்திப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார். திரியை இழுத்தார்.

"சரவெடிக்குத் திரி நடுவுலயா வரும்? ஓரத்துலல்ல வரணும். யாரு புள்ள இத வரஞ்சது?" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"நான் இன்னைக்கும் கம்பெனில பேக்கிங்லதான் இருக்கேன். சீசன்ல ஒரு நாளைக்கு எம்புட்டுப் பெட்டி அடுக்குறேன்னு ஒனக்குத் தெரியுமா? அவுகளக் கொண்டுபோனதும் வெடிதான், இந்த வீட்டுல ஒல வைக்கறதும் வெடிதான். அத நான் எப்பவோ பேசி முடிச்சுட்டேன். ஆளுக வரமாட்டேங்கிறீகளே, அதுதான் முடியல. எங்க வீட்ட கடந்தா கொரலத் தணிச்சுக்கிறாக. ஒரு நல்லது பொல்லாதுன்னா, அவ மனசு நோகும்னு அவுகளா நெனச்சுக்கிட்டுச் சொல்லாம விட்டுர்றாக. நீயும்தான்."

நானும்தான். அண்ணாச்சியின் காரியத்துக்கு வந்தேன், பிறகு ஒன்றிரண்டு தடவை வந்தேன். போனால் என்ன பேசுவது என்று தெரியாமல், பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து முட்டுமோ என்று பயந்து, போன் என்று ஆனது. பிறகு பொங்கல் தீபாவளி வாழ்த்து என்று ஆனது. அதற்கு நான் வைத்திருந்த பெயர், அவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது.

அக்கா மூடியில் மகள் எழுதியிருந்த வரியை விரல் வைத்துப் படித்தார். "எட்டி நிற்காதீர்கள். கிட்ட வந்து வாழ்த்துங்கள்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுக்குற. ஆறு வருசமா நீதான புள்ள எட்டி நிக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அழுது முடித்ததும் பெட்டியைக் கொண்டுபோய் அண்ணாச்சியின் போட்டோவுக்கு முன்னால் வைத்தார். சாதாப் பத்திரிகையை எடுத்து என் கையில் திணித்தார். "இத வேற யாருக்காவது குடு" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்டார். மண்டபத்தில் நிஜப் பட்டாசு ஒன்றுகூட வெடிக்கக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனால் மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு அது தெரியாது. சிவகாசிப் பக்கம் வந்துவிட்டு வெடிக்காமல் போவதா என்று, தாலி ஏறியதும் வாசலில் ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நின்ற அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவர் கை மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. நிறுத்தச் சொல்ல நான் ஓடப் போனேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. சரம் கடைசி வரை வெடித்து ஓய்ந்தது. அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எப்போதோ பேசி முடித்துவிட்டதாகச் சொன்னாரே, அது முழு உண்மை இல்லை என்று அப்போது புரிந்தது. அது தெரிந்தேதான் அவர் வந்திருக்கிறார் என்பதும் புரிந்தது.

மகளின் மணிக்கட்டில் பதிந்த நகத் தடம் இரண்டு நாள் இருந்தது. அவள் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்தச் சாதாப் பத்திரிகையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மஞ்சள் மங்கிப்போய் என் பீரோவில் கிடக்கிறது. துக்கம் நடந்த வீட்டுக்கு இப்போது போனால் அவர்கள் மனசு கஷ்டப்படுமே, இன்னொரு நாள் போகலாமே என்று எனக்கு நானே சாக்கு சொல்லத் தொடங்கும் போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வரும். என்ன பேசுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.