ரைட், கிளிக் பண்ணுங்க

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்குச் சாக்குச் சொல்வதுபோல ஆகிவிடும்.

ஜெயங்கொண்டத்திலிருந்து பெரம்பலூருக்குத் தினம் பஸ்ஸில் வந்து போகிற ஆள் நான். அரியலூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். முன்னால் நாலு சிமென்ட் லாரி மாட்டிக்கொண்டால் முதல் பீரியட் போச்சு. அதனால் எதையும் நின்று நிதானமாகச் செய்யவே வராது எனக்கு. சாப்பிடும்போதுகூட மணி பார்ப்பேன்.

கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அடிப்படைகள் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் போர்டில் ஒன்றை எழுதுவேன்: ‘கம்ப்யூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. சொன்னதை மட்டும் செய்யும். தப்பு வந்தால் சொன்னவர்மேல்தான் தப்பு.’ எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். பிள்ளைகள் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவார்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இந்த வருடம் முதல் லேப் ஒரு திங்கட்கிழமை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்ததால் கடைசியில் ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்தாள். எறையூர்ப் பெண். அப்பா கரும்பு வெட்டுகிறவர். பிளஸ் டூவில் வேளாண்மைப் பிரிவு படித்தவள். வீட்டில் இருக்கிற போனில் எல்லாம் ஒரு விரல் வேலைதான். மவுஸை அன்றைக்குத்தான் தொட்டாள்.

“ரைட், எல்லாரும் ஸ்கிரீனைப் பாருங்க. காலியா இருக்குற எடத்துல அம்பை வைங்க. ரைட் கிளிக் பண்ணுங்க. ஒரு பட்டியல் வரும்.”

எல்லோருக்கும் வந்தது. தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் செய்துகொண்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

“ஒனக்கு வரலியா? ரைட் கிளிக் பண்ணும்மா.”

இடது பட்டனை அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை.

“ரைட் கிளிக்!”

இன்னும் அழுத்தி அதே பட்டன். மணி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பாதிப் பாடம்கூட முடியவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்துச் சொன்னேன்: “ரைட்… கிளிக்.”

டொக். அதே இடது பட்டன்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “நீங்க சொன்னதத்தான் மேம் செய்யுறேன்” என்றாள்.

சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது எனக்கு. “எதுத்தா பேசுற? சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னுகூடத் தெரியாமயா காலேஜுக்கு வந்த?”

லேப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதனும் இல்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் நம்பர் வரும் இடத்தில் என் குரல் தானாக நின்றது. வியாழக்கிழமை, அதே ஊரிலிருந்து வரும் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அவ டிசி வாங்கப் போறா மேம். நாளைக்கு அவங்கப்பா வராரு.”

“டிசியா? எதுக்கு?”

“கம்ப்யூட்டரு தனக்கு வராதுன்னுட்டா மேம். அவ அத்த மவனுக்குக் கட்டிவைக்கணும்னு வூட்ல பேச்சு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இவதான் படிச்சே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னு சேந்தா. இப்ப இவளே வேணாங்கறப்ப அவங்க சும்மா இருப்பாங்களா?”

அன்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வார்த்தைக்கா இப்படி? நான் வாங்காத திட்டா? இந்தக் காலத்துப் பிள்ளைகளை ஒன்றும் சொல்லக்கூடாதா? இப்படி எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை வராந்தாவில் நடக்கிறேன். தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்: “ஏய், போலாம் ரைட் வருதுடி!”

விடுவேனா? இரண்டு எட்டில் போய்ப் பிடித்தேன். முதலாண்டுப் பெண்கள் இருவர். “யாருடி போலாம் ரைட்?”

ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றவள்தான் திக்கித் திக்கிச் சொன்னாள். “நீங்க பேச்சுக்குப் பேச்சு ரைட்டும்பீங்கள்ல மேம்… ரைட், நோட்டை எடுங்க. ரைட், எழுதுங்க. பஸ்ஸுல கண்டக்டர் சொல்ற மாதிரியே… சும்மா வெளையாட்டுக்கு மேம்.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ரைட், நோட்டை எடுங்க. ரைட், எழுதுங்க. ரைட், கிளிக் பண்ணுங்க.

அந்த எறையூர்ப் பெண் கிளிக் பண்ணினாள். நான் சொல்லச் சொல்ல, ஒரு தடவைகூடத் தவறாமல் பண்ணினாள். மவுஸில் இரண்டு பட்டன் இருக்கிறது, இரண்டுக்கும் வேறு வேறு வேலை என்று நான் யாருக்கும் சொல்லவே இல்லை. இதுகூடவா தெரியாது என்று தாண்டிப் போயிருந்தேன். அடிப்படை சொல்லிக்கொடுக்க வந்தவள்!

ஆபீஸுக்கு ஓடினேன். புடவை தடுக்கியது. நல்லவேளை, கிளார்க் டிசி படிவத்தில் இன்னும் சீல் வைக்கவில்லை. அவர் மேஜைக்கு முன்னால் அவளும் அப்பாவும் நின்றார்கள். அப்பாவின் கைகளில் கரும்புத் தோகை கிழித்த கோடுகள்.

“நான்தாங்க கம்ப்யூட்டர் எடுக்குறவ” என்றேன். மூச்சு வாங்கியது.

“டீச்சரம்மாங்களா? புள்ளைக்கு மண்டையில ஏறலைங்களாம். நாங்க என்னத்தக் கண்டோம்.”

“ஏறாம இல்லைங்க. நான் சொன்ன வெதந்தான் தப்பு. நான் ரைட் கிளிக்குன்னேன். புள்ளைக்கு அது ‘சரி, அமுக்கு’ன்னு கேட்டிருக்கு. சரியாத்தான் அமுக்குச்சு. நான்தான் அத்தனை பேருக்கு முன்னாடி கண்டபடி பேசிட்டேன்.”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். “இதுக்கா தாயி நாலு நாளா சோறு திங்காம கெடந்த?”

எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “தப்பு வந்தா சொன்னவங்கமேலதான் தப்புன்னு நீங்கதான மேம் போர்டுல எழுதுனீங்க. அது கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டேன்.”



“என்னம்மா, சீல் போடவா வேணாமா?” என்றார் கிளார்க்.

அவள் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். “லேப்புல சொல்லுவீங்களா மேம்? அங்கதான எல்லாரும் சிரிச்சாங்க.”

“சொல்றேன்.”

கிளார்க்கிடமிருந்து படிவத்தை வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. மடித்து நோட்டுக்குள் வைத்தாள். “லேப் முடிஞ்சு வந்து சொல்றேன் சார்.”

அன்றைக்கு லேப்பில் முன்னால் போய் நின்றதும் பழக்கத்தில் ‘ரைட்’ என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு சொன்னேன். நடந்ததை முழுக்க, என் வாயில் வந்த வார்த்தை உட்பட சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு மவுஸைக் கையில் தூக்கிக் காட்டி, “இதுல ரெண்டு பட்டன் இருக்கு” என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சுற்றி வரும்போது கடைசி கம்ப்யூட்டர் பக்கம் போனேன். ஸ்கிரீனில் பட்டியல் திறந்திருந்தது. அவள் அந்த டிசி படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மவுஸ் படம் ஒன்று பெரிதாக வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு பட்டனுக்கும் அம்புக்குறி போட்டு, ஒன்றில் சோத்தாங்கை என்றும் இன்னொன்றில் பீச்சாங்கை என்றும் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தாள்.

வராந்தாவில் அவள் அப்பா காத்துக்கொண்டிருந்தார். “நீங்க வூட்டுக்குப் போங்க” என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.