மொட்டையாக எப்படிக் கொடுப்பது

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு, எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்து மாடியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமி கையைத் தூக்கி, "யார்கிட்டயாவது ஒரு ரூபா சில்லறை இருக்கோ?" என்று கேட்டார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்கரைக்குக் காபி கொடுக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்ததால் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது.

மகள் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். குர்கானில் நல்ல சம்பளம் தந்த வங்கி வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த படிப்பு. தானம் கொடுப்பதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வித்தியாசம் உண்டா என்பதுதான் அவளுடைய கேள்வி. முதல் முறை அவள் இதைச் சொன்னபோது சாப்பாட்டு மேஜையில் என் கணவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கு ஆராய்ச்சி வேறயா? குடுக்கறது நான், குடுக்கச் சொல்றது உங்கம்மா."

"அப்ப குடுத்தது யாருப்பா? அதான் கேள்வியே."

அவர் அதற்கப்புறம் ரசத்தைத்தான் கவனித்தார்.

கல்லூரி மாணவர்களை வைத்துச் சில கூட்டங்கள் நடத்தி முடித்திருந்தாள். கடைசியாகக் குடும்பஸ்தர்களை வைத்து ஒன்று நடத்த வேண்டும். ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது நான். தில்லியில் முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியதில் எனக்கு மிஞ்சிய சொத்து, கூப்பிட்டால் வரக்கூடிய தமிழ்க் குடும்பங்கள்தான். பெண்கள் ஒரு அறையில், ஆண்கள் அடுத்த அறையில். ஒவ்வொருவருக்கும் ஒரு கவர், அதற்குள் ஐந்து நூறு ரூபாய் நோட்டு. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், மீதியைக் கவரிலேயே விட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டால் அது தானம். தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைகள் இடிக்கப்பட்டபின் ஊரின் கோடிக்குப் போய்விட்ட குழந்தைகளின் பள்ளிச் செலவுக்கு அது போகும். பெயர் எழுதக்கூடாது. முக்கியமாக, ஒருவர் எவ்வளவு போட்டார் என்று இன்னொருவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்தக் கூட்டமே செல்லாது. உதவித்தொகை முடிய நான்கு மாதம் இருந்தது. "இது ஒழுங்கா வரலேன்னா விட்டுட்டு குர்கானுக்கே போயிடுவேம்மா" என்று முந்தின நாள் என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பதால் நான் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சின்ன சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கணவர் கீழே காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். மகளும் உள்ளே இருக்கக்கூடாதாம். யார் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஆராய்கிறவளே பார்த்துக்கொண்டிருந்தால் கொடுக்கிற கை மாறிவிடும் என்றாள். அவள் மாடிப்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்க, பெண்கள் அறையில் அவளோடு படிக்கும் பஞ்சாபிப் பெண் ஒருத்தி மட்டும் மேற்பார்வைக்கு நின்றாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அது ரொம்ப நல்லது என்று மகள் நினைத்திருந்தாள்.

"நூறு இருநூறுன்னு மொட்டையா எப்படிக் குடுக்கறது? பள்ளிக்கூடத்துக் கொழந்தைகளுக்குப் போறது, நன்னா இருக்க வேண்டாமோ?" என்றார் மாமி.

அவ்வளவுதான். இருபது கைப்பைகளின் ஜிப்புகள் ஒரே நேரத்தில் திறந்தன.

"எங்கிட்ட ரெண்டு இருக்கு, இந்தாங்க மாமி."

"எனக்கு ஒண்ணு. நான் நூத்தியொண்ணு வைக்கிறேன்."

"நூத்தியொண்ணா? கஞ்சூஸ்! நான் முந்நூத்தியொண்ணு."

"உனக்கென்னம்மா, ரெண்டு சம்பளம்."

பஞ்சாபிப் பெண் ஓடி வந்து தடுப்பாள் என்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஷகுன் கா சிக்கா, ஆன்ட்டி? மேரே பாஸ் ஹை நா!" என்று தன் பையையே கவிழ்த்து, மங்கலக் காசுதானே, தன்னிடம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவர்கள் வீட்டிலும் ஒரு ரூபாய் வைக்காமல் யாருக்கும் எதுவும் கொடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது. பிறகு ஆண்கள் அறைக் கதவு திறந்தது. சத்தம் கேட்டு அவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் போனிலேயே கொடுத்துப் பழகியதில் ஒருவர் பையிலும் ஒரு காசு இல்லை. மனைவிமார்களைத் தேடி வரிசையாக வந்தார்கள்.

"ஏம்மா, ஒரு ரூபா குடு."

"எவ்வளவு போடப் போறீங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க."

கையில் பால் பாத்திரத்தோடு நின்ற என்னிடமும் ஒருவர் கேட்டார். என் கை தானாக இடுப்புப் பர்ஸுக்குப் போய் ஒரு காசை எடுத்து நீட்டிவிட்டது. நீட்டிய பிறகுதான் மாடிப்படிப் பக்கம் திரும்பினேன். மகள் கதவில் நின்றிருந்தாள்.

"வாடி கண்ணு, ரொம்ப நன்னாப் பண்றே. உனக்கும் ஒண்ணு இருக்கு, இந்தா" என்று மாமி காசை நீட்டினார். மகள் அதை வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு இறங்குவதற்குள் ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஐந்து மணிக்கு அவள் போன் அணைந்திருந்தது. நவம்பர் மாதம், புகை இறங்கிச் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. "அவ என்ன சின்னக் குழந்தையா, வருவா" என்று கணவர் சொன்னார். சொல்லிவிட்டு பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நீங்கள் அழைத்த எண் அணைக்கப்பட்டுள்ளது என்று இந்தியில் சொல்லும் அந்தப் பெண்ணின் குரலை இப்போது கேட்டாலும் உடனே போனைக் கீழே வைத்துவிடுகிறேன். இந்த ஊரில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் ஒரு ரூபாய்க் காசுகள். கல்யாணம், காதுகுத்து, கிருகப்பிரவேசம் எதுவானாலும் அதிலிருந்துதான் எடுப்போம். காசை ஒட்டுவது மகளின் வேலை. ஆறு வயதில் அதை அவளே பிடித்துக்கொண்டாள். வேறு யாரும் தொட்டால் ஒப்பாரிதான். கோந்து பாட்டிலோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கவரின் மூலையில் ஒரு சொட்டு வைத்து, காசின் சிங்க முகம் மேலே வரும்படி அழுத்தி, "ஜல்தி பண்ணாதே, காயட்டும்" என்று என்னையே அதட்டுவாள். அலுவலகம் விட்டு வந்த களைப்பில், கட்டிக்கொள்ளப் பட்டுப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கோந்து காய்வதற்காகக் காத்திருந்த சாயங்காலங்கள். விரலெல்லாம் பிசுபிசுவென்று வந்து என் முந்தானையில் துடைப்பாள். ஒரு மயில்கழுத்துப் பச்சைப் புடவையில் இன்னும் அந்தத் தடம் போகவில்லை. நானும் அதைச் சலவைக்குப் போட்டதில்லை.

அதற்கும் முன்னால் கரோல் பாக் வீடு. நான் பிறந்து வளர்ந்த இரண்டாம் மாடி வாடகை வீடு. கோயில் உற்சவத்துக்கு நன்கொடை கேட்டு ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "இருபத்தைந்து போட்டுக்குங்க" என்பார். ரசீதில் அப்பா பெயர் விழும். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து லேசாக இருமுவார். அப்பா உடனே, "இருபத்தாறா எழுதிடுங்க" என்பார். அந்த ஒரு ரூபாய் அம்மா கையிலிருந்து வரும். கடுகு டப்பாவில் போட்டு வைத்ததால் அதில் எப்போதும் கடுகு வாசனை அடிக்கும். என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்புவார். வந்தவர்கள் கையில் அதை நான் வைக்கும்போது அவர்கள் என்னைத்தான் "நல்லா இரும்மா" என்பார்கள். நான் ஓடிப்போய் அதை அம்மாவிடம் சொல்வேன்.

இருபத்தாறு ரூபாயில் அம்மா கொடுத்தது ஒரு ரூபாயா, முழுவதுமா? மகளின் கேள்வி அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்து என்ன பிரயோசனம், அவள் போனை எடுக்கவில்லையே.

பஞ்சாபிப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். "சாரி ஆன்ட்டி, எனக்குத் தப்பாவே தோணலை" என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். மாமி போன் செய்து, கூட்டம் பிரமாதம், உன் பெண்ணுக்குச் சுற்றிப்போடு என்றார். அவரிடம் என்ன சொல்வது? சரி மாமி என்றேன்.

ஏழு மணிக்குக் கணவர் வண்டிச் சாவியை எடுத்தார். எங்கே போய்த் தேடுவது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. சாவியைக் கையில் வைத்தபடியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். குர்கான் வேலையிலிருந்து அவள் தாமதமாக வந்த காலத்தில் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். நான் அப்போதெல்லாம் திட்டுவேன். அன்றைக்கு நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மகள்தான். கண் சிவந்திருந்தது, அழுததாலா புகையாலா தெரியவில்லை. கையில் ஒரு காகிதப் பை.

"எங்கடி போயிட்டே? உயிரே போயிடுச்சு."

"மேடம் வீட்டுக்கும்மா. போன்ல சார்ஜ் இல்ல."

தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரைத்தான் மேடம் என்பாள். கணவர் மெல்லக் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"இன்னிக்கு நடந்ததைத் தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. ஒண்ணும் செல்லாது. ரொம்ப நேரம் திட்டினாங்க. அப்புறம் சிரிச்சாங்க. இன்னொரு தடவைக்குப் பணம் இருக்காம், அத்தோட சரி."

செருப்பைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். கரோல் பாக் காகிதக் கடையில் விற்கும் வெள்ளைக் கவர்கள், புதுக் கோந்து பாட்டில் ஒன்று. சட்டைப் பையிலிருந்து மாமி கொடுத்த காசையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"அந்த பிஸ்கட் டப்பாவை எடும்மா. எல்லார் கவர்லயும் நானே ஒண்ணு ஒட்டி வெச்சிடறேன், யாரும் யாரையும் கேக்க வேண்டாம். மயூர் விஹார்ல உனக்குத் தெரிஞ்சவங்க யாரு யாரு, அச்சா யோசிச்சுச் சொல்லு. ஆனா நீ வரக்கூடாது, மாமியும் வரக்கூடாது. காபியை மட்டும் ஃபிளாஸ்க்ல குடுத்தனுப்பு."