போஸ்ட்போன் சொல்லப் போன ஞாயிறு

நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும்போது யார் என்ன சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பதை அதில் எழுதுவேன். மாடிக்கு டைல்ஸ் ஒட்டுவதாக ஒப்புக்கொண்டவர் ‘பிளான் சேஞ்ச்’ என்றார். என் மேலதிகாரி முந்தைய நாள் தானே போட்ட உத்தரவை ‘ரிவைஸ்’ செய்தார். கட்சி மாறிய பக்கத்துத் தெருக்காரர், ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே, ‘ஒரு சின்ன யூ-டர்ன்’ என்றார். தமிழ்ச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. காரணம் எளிது. ‘பேச்சு மாறிட்டான்’ என்று ராமநாதபுரத்தில் ஒருவரைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். யூ-டர்ன் போட்டவர் வீட்டில் தாராளமாகச் சாப்பிடலாம்.

அந்தப் பட்டியலில் நான் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆவணியில் மகளுக்கு நயினார்கோவில் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்தோம். பையனுக்குக் குவைத்தில் வேலை. வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. கல்யாணம் தையில். ஐப்பசியில் ஒரு நாள் காலை, நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, மகள் வந்து இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். பையனிடம் என்ன குறை என்று கேட்டேன். குறை இல்லை என்றாள். வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா என்று அவள் அம்மா கேட்டாள். அதுவும் இல்லை.

“நல்லவருதான்ப்பா. ஆனா அவரு போன் வந்தா எடுக்கத் தோணல. அது அடிச்சு ஓயிறவரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கேன். கல்யாணம் ஆயிட்டா அப்படி உக்கார முடியாதுல்ல.”

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, சரி, நிறுத்திவிடலாம் என்றேன்.

மனைவியின் தம்பி ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவரிடம் யோசனை கேட்டோம். வேண்டாம் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்றார்.

“போஸ்ட்போன்னு சொல்லுங்க மச்சான். ரெண்டு தடவை சொன்னா அவுகளாப் புரிஞ்சுக்கிட்டு வேற பொண்ணு பாத்துருவாக.”

இதைப் போனில் சொல்வது முறையில்லை என்று, ஞாயிறு காலை எட்டேகால் பஸ்ஸில் ஏறினேன்.

பையனின் அப்பா வயலில் களையெடுப்பைப் பார்த்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வாங்க சம்பந்தி என்றார். டீ வந்தது. வீட்டில் சில சௌகரியக் குறைவுகள், கல்யாணத்தைக் கொஞ்சம் போஸ்ட்போன் செய்யலாமா என்று கேட்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம், பிசகாமல் வந்தது.

அவர் முகம் சுளிக்கவில்லை. தை இல்லாவிட்டால் வைகாசி, பையனை லீவை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். நமக்குள்ளே என்ன, எவ்வளவு நாளானாலும் காத்திருக்கிறோம் என்றார். பிறகு பின்பக்கம் புதிதாகக் கட்டியிருந்த அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் பூசியிருந்தது, பெயின்ட் அடிக்கவில்லை. பெயின்ட் கடையில் தரும் நிற அட்டை ஒன்றை என் கையில் கொடுத்து, மருமகளுக்கு எது பிடிக்கிறது என்று கேட்டு ஒரு டிக் போட்டு அனுப்பச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மொத்தம் நாற்பத்தெட்டு நிறங்கள். பஸ் வந்தது. ஏறவில்லை. அவர் வீட்டுக்கே நடந்தேன்.

அவர் சாப்பிட உட்காரப் போனவர், என்னைக் கண்டதும் குடையை மறந்துவிட்டேனா என்று கேட்டார். நான் அட்டையை நீட்டினேன்.

“நான் பேச்சு மாறுறேங்க. தேதிய மாத்த வரல. கல்யாணமே வேண்டாம். பிள்ளைக்கு மனசில்ல. முன்னாடி சொன்னது பொய்.”

அவர் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அதுக்கா திரும்பி வந்தீக?”

ஆமாம் என்றேன்.

“போனவரு அப்படியே போயிருக்கலாம்ல, சார்.”

ஒரு மணி நேரத்தில் நான் சம்பந்தியிலிருந்து சார் ஆகியிருந்தேன். அதில் தவறு சொல்ல முடியாது. பையனிடம் வேண்டுமானால் நானே பேசி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். அங்கன ரூம்ல ஒத்தையில கெடக்கான். நான் போஸ்ட்போன்னே சொல்லிக்கிறேன். தையில லீவுக்கு வருவான்ல, பக்கத்துல உக்கார வச்சு உள்ளதைச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்களும் யாரு கேட்டாலும் அதையே சொல்லுங்க.”

தேதி தள்ளிப்போனால் பெண்ணும் பையனும் போனில் பேசக்கூடாது, அது வழக்கம் என்று மகனிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சரி என்றேன். சாப்பிடச் சொல்லவில்லை. வாசல்வரை வந்தார்.

அதிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மாதம், கேட்டவர்களுக்கெல்லாம் போஸ்ட்போன் என்றேன். அலுவலகத்திலும் தெருவிலும் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. மனைவியின் தம்பி தன் யோசனை பலித்ததாக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

தை பிறந்து பன்னிரண்டாம் நாள் பையனின் அப்பா கூப்பிட்டார்.

“சொல்லிட்டேன், சார். ரெண்டு நாளா சோறு எறங்கல. நேத்து சாப்பிட்டான். இனிமே நீங்க உள்ளதைச் சொல்லலாம்.”

அதற்குள் ஊரில் கேட்க யாரும் மிச்சமில்லை. மகளிடம் மட்டும் போய், பையனிடம் அவன் அப்பா சொல்லிவிட்டாராம் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, அவர் எப்படி இருக்கிறாராம் என்று கேட்டாள்.

நேற்று சாப்பிட்டாராம் என்றேன்.