அஜ்மத் பேகத்தின் இடது கை

அஜ்மத் பேகத்தைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுத நினைக்கிறேன். வயிறு எரிகிறது, பார்ப்போம்.

செங்கம் சாலையில் அபிநயா நடத்தும் கடைக்கு நாங்கள் இருவரும் உல்லன் ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கிறோம். இந்த வெயிலில் ஸ்வெட்டரா என்று சிரிக்க வேண்டாம். பக்கத்து ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் குளிர் ஊர்களுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். நான் நூலை வலது கையில் பிடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியைச் சுற்றிப் போடுவேன். பேகம் இடது ஆள்காட்டி விரலில் நூலை மாட்டிக்கொண்டு ஊசி முனையால் கொத்தி இழுப்பாள். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்து, டீயும் குடித்திருப்பாள்.

போன மாதம் அபிநயா ஒன்று சொன்னாள். வருகிறவர்களுக்குப் பின்னல் சொல்லித்தரக் கடை வாசலில் ஒருவரை உட்கார வைக்கப் போகிறாளாம். எங்கள் இருவரில் யார் பின்னும் குழந்தை ஸ்வெட்டர் நன்றாக இருக்கிறதோ, அவருக்கு அந்த நாற்காலி. எனக்கு அது வேண்டும். பேகத்துக்குக் கிடைக்கவே கூடாது.

ஒரு ஸ்லீவை வழக்கம்போல் பின்னினேன். அடுத்ததற்கு அவளைப்போல் நூலை இடது கையில் பிடித்தேன். வேகம் வந்த சந்தோஷத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கொடுக்க வேண்டிய நாள் காலை பேகம் என்னைக் கூப்பிட வந்தாள். அவளுடையதில் கழுத்து மட்டும் பாக்கி. கடைக்குப் போய் முடித்துக்கொள்ளலாம் என்றாள். என் ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தாள்.

“அக்கா, இந்த ஸ்லீவு லூசா இருக்குதே. ரெண்டு விரக்கடை நீளமும் ஜாஸ்தி. இடது கையில புடிச்சீங்களா?”

“நான் ஏன் புடிக்கறேன்?”

அவள் அந்த ஸ்லீவைப் பிரித்தாள். நூலை வலது கைக்கு மாற்றி, என் முறையில், என் இறுக்கத்தில், என்னைவிட வேகமாகப் பின்னினாள்.

“உனக்கு இதுவும் வருமா?”

“மொதல்ல கத்துக்கினதே இதான்க்கா.”

பாவி! எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சாயந்திரம் கடையில் அபிநயா என் ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேகம் பின்னிய ஸ்லீவிலேயே விரலை வைத்து, “எவ்ளோ சீரா இருக்குது!” என்றாள். “பேகம் அக்காவுது இன்னும் முடியலியே. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்களே ஒக்காருங்க.”

பேகம் சிரித்தாள்.

இப்போது அந்த நாற்காலியில் நான்தான். நேற்று சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், “நூலை இடது கையிலயும் பிடிக்கலாமாமே?” என்று கேட்டாள்.

அப்படி ஒரு முறையே கிடையாது என்றேன்.