தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும்போது தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். இதனால் எங்கள் குடும்பத்தில் என்னையும் மனைவியையும் தவிர யாரும் சொந்த ஊரை உலர்ந்த நிலையில் பார்த்ததில்லை. என் மகன் சிறுவயதில், தமிழ்நாட்டில் வெயில் கிடையாது என்று பள்ளிக் கட்டுரையில் எழுதினான். ஆசிரியை அதை அடித்துத் திருத்தினார். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது மருமகளே ஆசிரியை. ஆகவே இன்னும் அதே விடுமுறை, அதே மழை.

போன டிசம்பர் பயணத்துக்குக் காரணம் பேத்தியின் தலைமுடி. அவள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிழைத்தால் முதல் முடியைக் குலதெய்வத்துக்குத் தருவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். பிழைத்துவிட்டாள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒன்று தடுத்தது. முடி தோளைத் தாண்டிவிட்டது, வயது மூன்று. எங்கள் வழக்கப்படி ஒற்றைப்படை வயதில்தான் மொட்டை. நான்கு ஆகாது. ஐந்துக்கு மருமகள் சம்மதிக்கவில்லை.

"அஞ்சு வயசுல அவளுக்கு விவரம் தெரிஞ்சுரும் அத்தை. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாப்பாங்க, அழுவா. இந்த ட்ரிப்ல முடியலைன்னா விட்டுருங்க. இல்லாட்டி இங்க சிராங்கூன் ரோட்டுலயே எத்தனை கோயில் இருக்கு?"

எத்தனை என்று நான் எண்ணத் தொடங்கினேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"அங்க இருக்கறது வேற சாமிம்மா. நான் கேட்டது இந்தச் சாமிகிட்ட. பிள்ளையக் கொடுத்ததும் இதுதான்."

மருமகள் நியாயமானவள். ஒருமுறை, இந்த ஒரு பயணம் என்று முடிவாயிற்று.

உறவினர்களுக்குச் சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் புடவைகள் வாங்கினோம். எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. அவற்றைத் திரும்ப அங்கேயே கொண்டுபோக விமானத்தில் கூடுதல் எடை எடுத்தோம்.

தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் முடி இறக்க வேண்டும். மருமகளின் தம்பிக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. நான்கு நாள் விடுப்புக் கிடைத்தது. தொழில் பழக்கத்தில் எங்கள் ஒன்பது பெட்டிகளையும் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிவிட்டான். திருச்சியில் மழையில் இறங்கினோம். குடைகள் பெட்டிக்குள் இருந்தன. ஆறு பேரும் நனைந்தோம். பெட்டிகள் நனையவில்லை.

கோயில் பட்டுக்கோட்டைக்கு அப்பால், ஓர் ஆற்றின் அக்கரையில். நடுவில் தரைப்பாலம். வேனை நிறுத்திப் பார்த்தோம். கோயில் தெரிந்தது. பாலம் தெரியவில்லை.

அக்கரையில் குடையோடு நின்ற பூசாரி கைபேசியில் பேசினார். "நேத்துத்தாங்க முழுகுச்சு. ரெண்டு நாள்ல வடிஞ்சுரும்."

"சுத்து வழி இல்லியா?" என்றான் மகன்.

"இருக்குங்க. அதுலயும் ஒரு பாலம் முழுகிக் கெடக்கு."

விடுதியில் தங்கினோம். பாலத்தின் ஓரங்களில் வெள்ளையடித்த கட்டைகள் உண்டு. முதல் நாள் ஏழின் தலை தெரிந்தது. மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் இரண்டு. இதை நான் ஒவ்வொரு முறையும் தெரிவித்தேன். யாரும் விரும்பவில்லை. மறுநாள் காலை தாய்மாமனுக்கு விமானம். மனைவி காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிற்பகலில் அவளே பூசாரியை அழைத்தாள்.

"சாமிக்கு அங்கேருந்து நாங்க தெரிவோமா?"

"தெரியாம என்னம்மா? இந்தப் பக்கம் பாத்துத்தான் உக்காந்திருக்கு."

"அப்ப இங்கயே முடி எடுக்கறோம். நீங்க அங்க சூடம் காட்டுங்க."

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா," என்றார் பூசாரி. பிறகு, "எறக்குன முடிய எப்பவும் ஆத்துலதான் விடறோம். ஆறு ஒங்க பக்கமும் இருக்கு. காட்டறேன்," என்றார்.

முடி எடுப்பவர் நல்லவேளையாக இக்கரைக்காரர். ஆற்றோரத் தேநீர்க் கடையின் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் தாய்மாமன் உட்கார்ந்தான். பேத்தி அவன் மடியில். கூரையில் ஓட்டை இருந்த இடத்தில் நான் குடை பிடித்தேன்.

"டேய், கார்கோ பெட்டி மாதிரி கெட்டியாப் புடிடா," என்றாள் மருமகள்.

"பெட்டி உதைக்காதுக்கா."

"மாமா, நீங்க நனையுறீங்க லா," என்றாள் பேத்தி, சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வோடு.

சூடம் எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே கத்தி வைக்க வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். அக்கரையில் பூசாரி ஏற்றினார். காற்றில் அணைந்தது. மீண்டும் ஏற்றினார், அணைந்தது.

"தெரிஞ்சுதும்மா, ஆரம்பிக்கலாம்," என்றான் மகன்.

"பொய் சொல்லாதடா. சாமி காரியம்."

பூசாரி உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். அதைச் சாய்த்துப் பிடித்து, அதற்குள் ஏற்றினார். எனக்கு மழைதான் தெரிந்தது. மனைவி கும்பிட்டுவிட்டு, ஈரத் தார்ச்சாலையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். முழங்கால் வலிக்காரி. கீழே உட்காராதே என்று சிங்கப்பூரிலேயே எச்சரித்திருந்தேன். குடையை அவள் பக்கம் கொண்டுபோனேன். எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நிமிர்ந்ததும் முடி எடுப்பவரிடம், "ம், வையுங்க," என்றாள்.

பேத்தி பாதித் தலை வரை அழுதாள். மீதிப் பாதிக்குக் கடைக்காரர் ஒரு பன் கொடுத்தார். முடியை மனைவி தன் கையாலேயே ஆற்றில் விட்டாள். அது கோயில் பக்கம் போகவில்லை, கடல் பக்கம் போயிற்று. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று மாலை நான்கு இட்லி சாப்பிட்டாள். ஐந்தாவதையும் கேட்டாள்.

ஒரு வாரம் கழித்துச் சாங்கியில் இறங்கினோம். குடிநுழைவு முகப்பில் இருந்த இளம்பெண் கடவுச்சீட்டைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தாள். படத்தில் சுருட்டை முடி. எதிரே சந்தனம் பூசிய மொட்டை. தமிழ்ப் பெண்தான்.

"இது இவங்கதானா?"

முகப்புகளில் பேசுவது முப்பது ஆண்டுகளாக என் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழ் நகலும் பையில் வைத்திருந்தேன். அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மனைவி என்னை விலக்கிக்கொண்டு முன்னே போனாள்.

"இவதாம்மா. வேண்டுதல். முடிஞ்சிருச்சு லா," என்றாள்.

அந்தப் பெண் சிரித்துக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தாள். மனைவி அதை வாங்கிக்கொண்டு, பேத்தியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, எங்களுக்காகக் காத்திராமல் நடந்தாள்.